வீட்டு இணையத்தை மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோகலாம்

பாகலூரிலிருந்து மாலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனாலே கர்நாடகா வந்துவிடும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வரப்பில் நின்றால் செல்போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். நாலு பாத்தி தள்ளிப் போனால் கன்னடத்தில் வரவேற்புச் செய்தி வரும். மோட்டார் ரூமுக்குள் போனால் ரெண்டு டவரும் கிடைக்காது. ஆனால் ஓசூர் தொழிற்பேட்டை இந்தப் பக்கம் வளர்ந்து வந்ததில் ஒரு நன்மை உண்டு. இங்கே நிறைய வீடுகளுக்கு ஃபைபர் லைன் வந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் பேரன் கிரிக்கெட் பார்க்கிற அளவுக்கு இணையம் ஓடுது. நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருக்கிற மோட்டார் ரூமில் ஒரு படம் அனுப்ப முடியலை.

தோட்டத்தில் இணையம் எதுக்குன்னு கேட்பவர்கள் உண்டு. மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் மோட்டார் ஓடுதா, தண்ணி வருதான்னு பார்க்க டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்கணும். கண்ணாடிவிரியன் அந்த நேரத்தில்தான் அதே வரப்பில் நடக்கும். கேபிள் ஒயர் திருட்டு இன்னொரு தொல்லை. செம்பு விலை ஏற ஏற அதுவும் ஏறுது. அறுபதைத் தாண்டியவர்கள் விவசாயம் பார்க்கிற காலம் இது. ராத்திரி நடையில் ரெண்டு நடை குறைந்தாலும் லாபம்தான்.

இதற்கு ஒரு தீர்வு என்று சொல்லி சில கம்பெனிக்காரர்கள் ஊருக்குள் வருகிறார்கள். கேமரா, சிம் கார்டு, செல்போன் செயலி, வருஷச் சந்தா எல்லாம் ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். சந்தா கட்டாத வருஷம் பெட்டி ஊமையாகிவிடும். உரத்துக்கும் மருந்துக்கும் வெளி இடுபொருள் வேண்டாம்னு பேசுகிறோம். வருஷா வருஷம் கட்டுகிற சந்தாவும் வெளி இடுபொருள்தானே? வீட்டுக்கு ஏற்கெனவே மாதக் கட்டணம் கட்டி வாங்குகிற இணையத்தையே தோட்டத்துக்கு நீட்ட முடியும். ரெண்டு ரேடியோ உள்ள ஒரு ரவுட்டர் போதும். விலை 2,000 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும்.

தேனியில் நடந்தது

வைஃபையைத் தூரத்துக்குக் கொண்டுபோவது புதுசு இல்லீங்க. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை இருக்கிறது. 2000-களின் நடுவில், சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்த அதன் சிறு கண் பரிசோதனை மையங்களை வைஃபை வழியாகத் தேனி ஆஸ்பத்திரியோடு இணைத்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக் குழு இதில் கூட வேலை செய்தது. கிராமத்து நோயாளி உள்ளூர் மையத்தில் உட்காருவார். டாக்டர் தேனியில் இருந்தபடியே வீடியோவில் அவரோடு பேசி, மேல் சிகிச்சை தேவையான்னு சொல்வார். நாம் கடையில் வாங்குகிற அதே வைஃபை நுட்பம்தான். டவர் மேல் திசை நோக்கிய ஆன்டெனாவை வைத்து, உள்ளே ஓடும் மென்பொருளைத் தூரத்துக்கு ஏற்ற மாதிரி திருத்தினார்கள்.

அந்தக் குழு பின்னால் எழுதிய ஆய்வறிக்கையில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. வலையமைப்பு நின்றுபோனதற்கு அலைவரிசையைவிட மின்சாரம்தான் பெரிய காரணம். திடீர் ஏற்றம், திடீர் இறக்கம், பாதியில் நின்று நின்று வருவது, இவையே பெட்டிகளைக் கெடுத்தன. கிராமத்து மின்சாரத்தோடு வாழ்கிற நமக்கு இது ஆச்சரியமில்லை. மின்சார விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ரெண்டு ரேடியோ எதுக்கு?

ரவுட்டருக்குள் இருக்கிற ரேடியோ ஒரே நேரத்தில் ஒரு சேனலில்தான் பேசும், கேட்கும். ஒற்றை ரேடியோ பெட்டியைத் தோட்டத்தில் வைத்தால், அதே வாயால் வீட்டோடும் பேசணும், கேமராவோடும் பேசணும். ஒவ்வொரு செய்தியையும் ஒருமுறை வாங்கி மறுமுறை அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரெண்டு ரேடியோ இருந்தால் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வீட்டைப் பார்த்து, ஒரு செல்போன் வைஃபையில் சேருகிற மாதிரி வீட்டு ரவுட்டரில் போய்ச் சேரும். இந்த வேலைக்குப் பெயர் கிளையண்ட். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தோட்டத்தைப் பார்த்து, கேமராவையும் நம்ம போனையும் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். இது ஆக்சஸ் பாயிண்ட். ஒருத்தர் மொத்தக் கொள்முதல், ஒருத்தர் சில்லறை விற்பனை.

எதை எதுக்கு வைப்பது என்பதில் காரணம் இருக்கு. விலை குறைந்த கேமராக்கள், ரிலே பெட்டிகள் பெரும்பாலும் 2.4-ஐ மட்டும்தான் அறியும். அதனால் தோட்டத்துப் பக்கம் 2.4-தான் வேணும். வீட்டுப் பக்கத்து நீண்ட பாதைக்கு 5 வேகமானது, நெரிசலும் குறைவு. ஆனால் 5-க்கு இலை ஆகாது. நடுவில் மாமரமோ சவுக்கு வரிசையோ இருந்தால் மழையில் நனைந்த இலை அலையைக் குடித்துவிடும்.

அமைக்கும் முறை

புதுப் பெட்டியை முதலில் வீட்டு மேஜையிலேயே வைத்து அமையுங்கள். வெயிலில் மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டு செல்போனில் தட்ட வேண்டாம்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வைஃபை பெயரில் போனைச் சேர்த்து, அங்கேயே அச்சிட்டிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். அதில் ‘ஆபரேஷன் மோடு’ என்று ஒரு இடம் இருக்கும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நமக்குத் தோட்டத்தில் ஆக்சஸ் பாயிண்ட் வேணும்னு தெரிந்ததால் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ என்பதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கடைப்பெட்டிகளில் அந்த மோடுக்கு, வீட்டிலிருந்து ஒயர் வந்து சேரும் என்று அர்த்தம். ஒயர் இல்லாத நமக்கு அது உதவாது. தேட வேண்டியது ‘விஸ்ப்’ மோடு. காற்று வழியாக இணையத்தை வாங்கி, உள்ளே பிரித்துக் கொடுப்பது அதுதான். வாங்கும்போதே கடைக்காரரிடம் இந்த மோடு இருக்கான்னு கேட்டு வாங்குங்க. இல்லாத மாடலும் உண்டு. ‘ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்’ மோடு மட்டும் இருந்தாலும் வேலை நடக்கும். கண்ணுக்கு ஒரு கட்டுப்பாடு குறையும், அவ்வளவுதான்.

விஸ்ப் மோடில் ‘சர்வே’ அழுத்தினால் அக்கம்பக்கத்து வைஃபை பெயரெல்லாம் பட்டியலாக வரும். உங்கள் வீட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டைக் கொடுங்கள். பிறகு 2.4-க்கு வேற பெயர் வையுங்கள், ‘தோட்டம்’ என்று. வீட்டுப் பெயரையே வைத்தால், போன் எதில் சேர்ந்திருக்குன்னு தெரியாமல் நாம்தான் அலையணும்.

அடுத்தது முகவரி. வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்று இருந்து, புதுப் பெட்டியும் அதே எண்ணோடு வந்திருந்தால் ரெண்டும் மோதும். வெளியே போகிற செய்திக்கு எந்த வாசல்னு பெட்டிக்கே குழப்பம். புதுப் பெட்டியின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. ‘இணைந்திருக்கு, ஆனால் இணையம் இல்லை’ என்ற புகாருக்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

உள்ளே என்ன நடக்குதுன்னு பழைய பேங்க் கணக்கில் சொன்னால் புரியும். கிளைக்கு வருகிற வாடிக்கையாளர் பலர். தலைமை அலுவலகத்துக்குக் கிளையின் பெயர் மட்டும்தான் தெரியும். யாருக்கு எவ்வளவுன்னு கிளையின் லெட்ஜரில் இருக்கும். தோட்டத்துப் பெட்டியும் அப்படித்தான். கேமரா, போன், ரிலே எல்லாவற்றின் போக்குவரத்தையும் தன் ஒரே பெயரில் வீட்டு ரவுட்டருக்கு அனுப்பி, பதில் வந்ததும் லெட்ஜரைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். இதனால் ஒரு விளைவு உண்டு. வீட்டில் இருந்துகொண்டு கேமராவின் உள் எண்ணை நேரடியாக அடித்தால் வராது. கேமராவின் செயலி வழியாகப் பார்த்தால் வரும். ரெண்டு பக்கமும் ஒரே வலையாக வேணும் என்றால் ‘டபிள்யூ.டி.எஸ்.’ என்ற இணைப்பு முறை உண்டு. அதை ரெண்டு பெட்டியும் ஆதரிக்கணும். ஃபைபர் லைனோடு தருகிற பெட்டிகளில் அது பெரும்பாலும் கிடையாது. நம்ம தேவைக்கு அவசியமும் இல்லை.

வீட்டு ரவுட்டரில் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை ‘ஆட்டோ’வில் விடாதீங்க. 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 165 வரை ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். நடுவில் இருக்கிற சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தே ஆகணும் என்பது விதி. காலி செய்கிற நேரமெல்லாம் தோட்டத்து இணைப்பு அறுந்துபோகும்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் வேணுமான்னு ஒருவர் கேட்டார். வேண்டாம். குறைந்த சக்தி வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸை மத்திய அரசு 2005-ல் லைசென்ஸிலிருந்து விடுவித்தது. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை வெளியிடத்திலும் பயன்படுத்த 2018-ல் வழி செய்தது. ரவுட்டரில் நாடு ‘இந்தியா’ என்று இருந்தால் சக்தி அளவு தானாகவே வரம்புக்குள் நிற்கும்.

எங்கே மாட்டுவது?

ரெண்டு பெட்டிக்கும் நடுவில் கயிறு கட்டின மாதிரி நேராகத் தெரிந்தால் போதும்னு நினைக்கிறோம். அலை கயிறு மாதிரி போவதில்லை, வெள்ளரிக்காய் மாதிரி நடுவில் பருத்துப் போகும். 5 கிகாஹெர்ட்ஸில் 120 மீட்டர் தூரத்துக்கு, நடுப்பாதையில் நேர்க்கோட்டைச் சுற்றி ஒண்ணேகால் மீட்டர் இடம் வேணும். 300 மீட்டர் என்றால் சுமார் 2 மீட்டர். இதில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் சமாளிக்கும். இப்போ ராகி நிற்கிற நிலத்தில் அடுத்த பட்டத்துக்கு மக்காச்சோளம் போட்டால் என்ன ஆகும்னு இப்பவே யோசித்து உயரத்தை முடிவு பண்ணுங்க. வீட்டில் ரவுட்டரை டிவி அலமாரிக்குள்ளே வைத்துவிட்டுத் தோட்டத்தில் கம்பம் நட்டுப் பயனில்லை. மாடி ஜன்னலுக்கு ஏற்றுங்கள். தோட்டத்துப் பெட்டி தகர ஷெட்டுக்குள் இருக்கக் கூடாது. ஜி.ஐ. பைப் பசுமைக்குடிலுக்குப் பின்னாலும் கூடாது. வீட்டைப் பார்த்த சுவரில், சன்ஷேடுக்கு அடியில், மழை படாமல் இருக்கட்டும்.

சரியான இடம்தானான்னு அமைப்புப் பக்கமே சொல்லும். சிக்னல் கழித்தல் குறியோடு ஒரு எண்ணாக வரும். நஷ்டக் கணக்கு மாதிரி படிக்கணும், எண் சின்னதாக இருந்தால் நல்லது. -60 என்றால் பிரமாதம். -70 வரைக்கும் பரவாயில்லை. -75-ஐத் தாண்டினால் அடுத்த மழைக்கு அறுந்துவிடும். ஒரு அடி தள்ளி வைத்தாலே நாலைந்து புள்ளி மாறும், பொறுமையாக நகர்த்திப் பாருங்க. சாதாரண வீட்டு ரவுட்டரை வைத்து நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு மேல் ஆசைப்படக் கூடாது. அதற்கு மேல் தூரம் என்றால், திசை நோக்கிய வெளிப்புற ஆன்டெனாப் பெட்டிகள் ஜோடியாகக் கிடைக்கின்றன. தேனியில் செய்ததன் சின்ன வடிவம் அது.

இத்தனைக்கும் பதில் ஒரு லேன் கேபிளைப் புதைத்தால் என்னன்னு கேட்கலாம். லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர். எலி கடிக்கும், மண்வெட்டி வெட்டும். எல்லாவற்றுக்கும் மேல், கோடை இடி தோட்டத்தில் இறங்கினால் செம்புக் கம்பி அதை வீட்டுக்கே கூட்டி வரும். காற்று வழி இணைப்பில் அந்த வம்பு இல்லை.

மின்சாரம்

மோட்டார் ரூம் லைனில் நேரடியாக அடாப்டரைச் சொருகினால் பெட்டி ஒரு வருஷம் தாங்குவதே அபூர்வம். மோட்டார் நிற்கும்போதும் ஓடும்போதும் வோல்டேஜ் குதிக்கும். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. அதனால் ஒரு சின்ன சோலார் தகடும் பேட்டரியும் பொருத்தமானது. ரவுட்டருக்கு 8 வாட் என்று வைத்தால் நாளுக்கு 192 வாட்-மணி. 12 வோல்ட், 40 ஏ.எச். பேட்டரியில் 480 இருக்கும், அதில் பாதியைத்தான் எடுக்கணும், ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். 100 வாட் தகடு போதும். ஐப்பசி மூடலுக்கும் சேர்த்து வேணும் என்றால் பேட்டரியைப் பெரிதாக்குங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், அதை அப்படியே ரவுட்டருக்குக் கொடுக்கக் கூடாது. நடுவில் 12 வோல்ட்டில் நிலையாக நிறுத்துகிற கன்வெர்ட்டர் ஒன்று போடணும். பேட்டரி அடிமட்டத்துக்குப் போகுமுன் துண்டித்துவிடும் வசதி உள்ள சார்ஜ் கன்ட்ரோலராக வாங்குங்கள்.

கேமராவை இணையத்தில் நாள் முழுக்க ஓடவிடாதீங்க. நொடிக்கு 1 மெகாபிட் என்றாலே ஒரு நாளைக்குப் பத்து ஜி.பி.க்கு மேல் போய்விடும். பதிவு கேமராவின் மெமரி கார்டிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது மட்டும் திறந்து பார்க்கலாம். மோட்டாரைப் போனில் நிறுத்தணும் என்றால் வைஃபை பிளக்கை மோட்டாருக்கு வைக்காதீங்க, எரிந்துவிடும். ஸ்டார்ட்டரின் காயில் சர்க்யூட்டில் ரிலே சேர்க்கணும். அதை எலக்ட்ரீசியன்தான் செய்யணும்.

பேங்க்கில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் பாஸ்வேர்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரவுட்டரின் உள்நுழைவு ‘அட்மின்’ என்றே இருந்தால், ரோட்டில் நிற்கிறவன் உங்கள் கேமராவில் உங்கள் வீட்டு வாசலைப் பார்ப்பான். முதல் நாளே மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2-க்குக் கீழே வேண்டாம். பாஸ்வேர்டு செல் நம்பராகவும் இருக்க வேண்டாம். புதுசாக வைத்த பெயர், பாஸ்வேர்டு, முகவரி மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ரூம் கதவில் ஒட்டிவைக்காதீங்க, அப்படியும் பார்த்திருக்கேன்.