பெல்லட் அடுப்பின் அடிச் சாம்பல்

பெல்லட் என்பது பார்ப்பதற்கு மாட்டுத் தீவனம்போலவே இருக்கும். சுண்டுவிரல் தடிமன், ஒரு அங்குலம் சொச்சம் நீளம், பழுப்பு நிறம். செவ்வாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு முதல் மூட்டை வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டுப் பெரியவர், "மாடு எப்போ வாங்கினீங்க?" என்றுதான் கேட்டார்.

உமி, கடலைத் தோல், மரத்தூள், கரும்புச் சக்கை என்று எரியக்கூடிய எந்தக் கழிவையும் அரைத்து, உலர்த்தி, துளை போட்ட இரும்பு அச்சின் வழியாகப் பிதுக்கினால் பெல்லட். முறுக்கு பிழிவதுபோலத்தான், அழுத்தம் மட்டும் பல மடங்கு. உரசலில் உண்டாகும் சூட்டில் செடியின் உடம்பில் இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது இறுகித் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பசை எதுவும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் மூலப்பொருளுக்கும் குறைவில்லை. செங்குன்றத்து அரிசி ஆலைகளில் சேரும் உமி ஒன்றே போதும்.

அடுப்பும் நம் பக்கத்தில் பிறந்ததுதான். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் எச்.எஸ்.முகுந்தாவின் குழு வகுத்த நுட்பத்தைக் கொண்டு, பி.பி. எண்ணெய் நிறுவனம் 2006இல் 'ஊர்ஜா' என்ற அடுப்பைத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் விற்கத் தொடங்கியது. 2009இல் பி.பி. விலகிக்கொள்ள, புணேயைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி அதை எடுத்து நடத்தியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் விற்றன. வேளாண் கழிவின் விலை ஏற ஏறப் பெல்லட் விலையும் ஏறியது. வீடுகளில் அடுப்பு மூலைக்குப் போனது. நல்ல அடுப்பு அப்படி முடங்கியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஊர்ஜா வகை அடுப்பு ஒரு சிறிய வாளி மாதிரி. உள்ளே சுட்டமண் பூச்சுள்ள குழி, அடியில் ஓட்டை போட்ட தட்டு, அதற்குக் கீழே பேட்டரியில் சுற்றும் ஒரு சின்ன ஃபேன். குழியில் சுமார் 600 கிராம் பெல்லட்டை நிரப்பி மேலே பற்றவைக்க வேண்டும். விறகடுப்பில் தீயை அடியில் மூட்டியே பழகிய கைக்கு இது விநோதமாக இருக்கும். தீ மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். ஃபேன் தரும் காற்று இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு அடித்தட்டின் ஓட்டைகள் வழியே ஏறிப் பெல்லட்டைப் பாதி எரித்து, எரியக்கூடிய வாயுவை வெளியேற்றும். இன்னொரு பங்கு குழியின் வாய்ப்பக்கத்துத் துளைகள் வழியே வந்து அந்த வாயுவை எரிக்கும். நாம் பாத்திரத்துக்கு அடியில் பார்க்கும் தீ இந்த வாயுவின் தீ. ஒரு நிரப்பலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும்.

ஆகவே அடித்தட்டின் ஓட்டைகள்தான் இந்த அடுப்பின் மூக்கு. அதைச் சாம்பல் அடைத்தால் மேலே தீ கெடுகிறது. தீ சரியில்லை என்றதும் ஃபேன் வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் காரியம். நானும் அதைத்தான் செய்தேன். தட்டை எடுத்துத் தட்டிவிட்டிருந்தால் போதும் என்பது பிறகுதான் புரிந்தது.

எவ்வளவு சாம்பல் வரும் என்பது எதை எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் வீட்டைச் சூடாக்கும் ஸ்டவ்களுக்கு விற்கும் முதல் தர மரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் உமியில் அது சுமார் 20 சதவீதம். 600 கிராம் போட்டால் அங்கே 4 கிராம் சாம்பல். இங்கே 120 கிராம். அங்கே சில நாளுக்கு ஒருமுறை சாம்பல் தட்டைக் கொட்டினால் ஓடிவிடும். உமிப் பெல்லட்டுக்கு ஒவ்வொரு நிரப்பலுக்கும் முன்னால் குழியைக் காலி செய்தே ஆக வேண்டும். பழைய மரத்தூள் அடுப்பில் சமைத்தவர்களுக்கு இது புதிதல்ல. தகர டப்பாவின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவி எடுத்தால் காற்றுப்போக்குக்கு வழி கிடைக்கும். அன்றன்று டப்பாவைக் கொட்டாமல் மறுநாள் அந்த அடுப்பை மூட்ட முடியாது.

உமிச் சாம்பலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எரிந்து முடிந்த பிறகு குழிக்குள் எட்டிப் பாருங்கள். பெல்லட்டுகள் போட்டபடியே கிடக்கும், வெள்ளை வெளேரென்று. நன்றாக ஆறிய பிறகு விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிரும். உமியில் உள்ள சிலிக்கா எலும்புக்கூடுபோல உருவத்தைத் தாங்கி நிற்பதே காரணம். அப்படி வெளுத்திருந்தால் முழுதாக எரிந்திருக்கிறது. கறுப்பாக இருந்தால் கரி மிச்சம் இருக்கிறது, காற்று போதவில்லை. நம் வீடுகளில் பல் துலக்க வைத்திருந்த உமிக்கரி, வேண்டுமென்றே பாதியில் நிறுத்திய இதே எரிப்புதான்.

தொல்லை தருவது பொடிச் சாம்பலைவிட உருகிய சாம்பல். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பாய்லர் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் 'கிளிங்கர்' என்பார்கள். தனிச் சிலிக்கா உருக 1,700 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. பொட்டாசியம் சேர்ந்துவிட்டால் 1,000 டிகிரிக்கும் கீழேயே அது இளகிவிடும். வைக்கோலிலும் மற்ற பயிர்க் கழிவிலும் பொட்டாசியம் ஏராளம். களத்தைக் கூட்டி அள்ளிய மண்ணும் அதோடு கலந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், பச்சைக் கண்ணாடிபோல ஒரு கட்டி தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை மலிவாகக் கிடைத்ததென்று கலப்படப் பெல்லட் ஒரு மூட்டை வாங்கிவிட்டு, தட்டிலிருந்து அந்தக் கட்டியை உளியால் பெயர்த்தேன். அதன் பிறகு எந்த மூட்டையிலும் முதலில் நூறு கிராம் எரித்து, ஆறவிட்டு, சமையலறைத் தராசில் சாம்பலை எடை போட்டுப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. எடையோடு கட்டி தட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

தீயை எப்படிப் பார்ப்பது? கேஸ் அடுப்பில் மஞ்சள் தீ வந்தால் பர்னர் அடைத்திருக்கிறது என்று பயப்படுகிறோம். இங்கே தெளிந்த மஞ்சள் தீ குறையல்ல. அசையாமல், நுனி சுத்தமாக, புகையில்லாமல் எரிந்தால் நல்ல தீ. சோம்பலாக நெளிந்து, சிவந்து, நுனியில் கறுப்பு தட்டினால் காற்று குறைவு. சீறிக்கொண்டு பாத்திரத்தைவிட்டு விலகி ஓடினால் காற்று அதிகம். சந்தேகம் இருந்தால் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய்ப் பசையோடு கரி ஒட்டினால் காற்று போதவில்லை. சாம்பல் நிறத் தூசி ஒட்டினால் ஃபேன் சாம்பலைக் கிளப்பி மேலே அனுப்புகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொரு சிக்கல் சேரும். பெல்லட் ஈரத்தை இழுத்து ஊதி, உதிர்ந்து தூளாகும். தூள் குழிக்குள் இறங்கினால் சாம்பலைவிட மோசமாகக் காற்றை அடைக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். மூட்டையின் அடித்தூளைச் சலித்து ஒதுக்கிவிட்டுப் போடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம்தான் ஆபத்தானது. வாயு தீர்ந்ததும் சுடர் சிறுத்து, நீலமாகி, வெறும் தணல் மிஞ்சும். புகை இருக்காது, ஆனால் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது. புகை இல்லையே என்று மழைக்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு இந்த அடுப்பை உள்ளே வைக்காதீர்கள். மேலே வெள்ளையாக ஆறிக் கிடக்கும் சாம்பலுக்குள் மணிக்கணக்கில் கங்கு உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் வாளியிலோ வைக்கோல் போர் பக்கத்திலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, மறுநாள் காலை கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகு எடுத்துக் கொட்டுங்கள்.