ஈர்ப்பு அலை உதைத்த கருந்துளை

2020 ஜனவரி 29 அன்று பூமியைக் கடந்துபோன ஓர் ஈர்ப்பு அலையை அமெரிக்காவின் லைகோ, இத்தாலியின் விர்கோ ஆகிய கருவிகள் பதிவு செய்தன. இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றாகிவிட்டன என்பதே அது சொன்ன செய்தி. பதிவை அலசிய விஜய் வர்மா குழுவினர் 2022இல் வெளியிட்ட முடிவு திகைக்க வைத்தது. இணைந்து பிறந்த கருந்துளை நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கி எறியப்பட்டிருக்கிறது! சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பால்வெளியை விட்டே வெளியேற நொடிக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர் வேகம் போதும்.

உதைத்தது, வெளியேறிய அலைதான். ஈர்ப்பு அலை ஆற்றலோடு உந்தத்தையும் எடுத்துச் செல்கிறது. குண்டு பாயும்போது துப்பாக்கி தோளில் இடிப்பதுபோல, அலை ஒரு பக்கம் அதிகமாகப் போனால் கருந்துளை மறுபக்கம் தள்ளப்படும்.

ஒரு பக்கம் ஏன் அதிகமாகப் போகவேண்டும்? இரண்டின் நிறையும் சமமில்லையென்றால் சிறியது வேகமாக ஓடும். அதன் அலைகள் ஓடும் திசையில் குவியும். முழுச் சுற்று முடிந்தால் இந்தத் தள்ளல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கடைசிச் சுற்றுகளில் பாதை மளமளவென்று சுருங்குவதால் கணக்கு நேராவதற்குள் இணைப்பு முடிந்துவிடுகிறது. மிச்சமாகும் தள்ளல்தான் உதை. ஆனால் தற்சுழற்சி இல்லாத கருந்துளைகளுக்கு இது நொடிக்குச் சுமார் 175 கிலோமீட்டரைத் தாண்டாது.

பேருதையைத் தருவது தற்சுழற்சி. சுழற்சி அச்சுகள் சுற்றுப்பாதையின் தளத்திலேயே எதிரெதிராகப் படுத்திருந்தால், அந்த ஜோடி முழுவதும் தளத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும். எந்தக் கட்டத்தில் இணைகின்றன என்பதைப் பொறுத்து உதை அமையும். அது நொடிக்கு 4,000 கிலோமீட்டர் வரை போகலாம் என்று 2007இல் கணினிக் கணக்குகள் காட்டின.

ஆனால் 2020 அலை பதிவான அதே நேரம் லைகோவின் லிவிங்ஸ்டன் கருவியில் ஓர் இரைச்சல் புகுந்திருந்தது. அதை நீக்கும் முறையைப் பொறுத்து சுழற்சி பற்றிய முடிவே மாறலாம் என்று வேறொரு குழு காட்டியது. எனவே 1,500 என்ற எண்ணை நான் உறுதியாகப் பிடித்துக்கொள்ளமாட்டேன்.

ஆனாலும் உதையின் அளவு தெரிந்தே ஆகவேண்டும். 2019இல் பதிவான ஓர் இணைப்பில் ஒரு கருந்துளை சூரியனைப்போல் சுமார் 85 மடங்கு நிறை கொண்டது. விண்மீன் ஒன்று நேரடியாகக் குலைந்து அவ்வளவு பெரிதாவது கடினம். முந்தைய இணைப்பில் பிறந்ததாக இருக்கலாம். விண்மீன்கள் நெருங்கிக் குவிந்திருக்கும் கோளக் கொத்துகளின் ஈர்ப்பிலிருந்து தப்ப நொடிக்குச் சில பத்து கிலோமீட்டரே போதும். அங்கே முதல் இணைப்பில் பிறந்தது உதைபட்டு வெளியேறிவிட்டால் இரண்டாவது இணைப்புக்குத் துணையே கிடைக்காது. ஆழ்ந்த ஈர்ப்புள்ள விண்மீன் மண்டல மையங்களில் மட்டும் அது தங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.