கிரேக்கக் கடலில் பாய்மரப் பயணமா? முதலில் காற்றைக் கேளுங்கள்!

மகனோ மகளோ லண்டனிலும் ஜெர்மனியிலும் வேலை பார்க்கிற வீடுகளில் இப்போது அடிக்கடி இந்தப் பேச்சு அடிபடுகிறது. ‘‘அம்மா, இந்த வருஷம் எல்லோரும் கிரீஸ் போகலாம். ஓட்டல் வேண்டாம். ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துக்கிட்டு ஒரு வாரம் தீவு தீவாய்ச் சுத்தலாம்!’’

கேட்கவே ஜிலுஜிலுவென்று இருக்கிறது, இல்லையா? நீலக் கடல், வெள்ளை வீடுகள், படகிலேயே சமையல், படகிலேயே தூக்கம். தாராளமாகப் போகலாம். அறுபது வயதுப் பாட்டியும் போகலாம், ஏழு வயதுப் பேரனும் போகலாம். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். எந்தக் கடலில், எந்த மாதத்தில், எப்படிக் காற்றடிக்கும்?

பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. காலண்டர் படத்தில் பார்த்த சான்டோரினியையும் மிக்கோனோஸையும் முடிவு செய்துவிட்டு, ஆகஸ்ட் மாதம் போய் இறங்குகின்றன. இரண்டாம் நாளே பாதிப் பேர் வாந்தி எடுத்துப் படுத்துவிட, வாழ்நாள் சேமிப்பில் போட்ட பயணம் வாளியும் கையுமாக முடிகிறது. இதைத் தவிர்ப்பது சுலபம்.

மெல்டெமி என்று ஒரு காற்று

கிரீஸுக்குக் கிழக்கே இருப்பது ஏஜியன் கடல். கோடையில் இங்கே வடக்கிலிருந்து ஒரு வறண்ட காற்று வீசும். பெயர் மெல்டெமி. மே கடைசியில் தலைகாட்டும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். செப்டம்பரில் மெல்ல அடங்கும்.

பால்கன் நாடுகள் பக்கம் காற்றழுத்தம் அதிகமாகவும், துருக்கிப் பக்கம் குறைவாகவும் இருப்பதால் பிறக்கிற காற்று இது. ஒரு சுவாரசியமான செய்தி: துருக்கிப் பக்கத்து அந்தத் தாழ்வழுத்தத்துக்கும், நமக்குத் தென்மேற்குப் பருவமழையைத் தருகிற ஆசியத் தாழ்வழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே மாதங்களில்தான் அங்கே மெல்டெமி!

இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. பளீரென்று வெயில் அடிக்கும். ‘நல்ல நாள்தானே’ என்று கிளம்பினால் நடுக்கடலில் அலை ஆளைத் தூக்கிப் போடும். மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகம் சர்வசாதாரணம். சில நாட்களில் 60ஐயும் தாண்டும். ஆரம்பித்தால் நாள் கணக்கில் விடாது. அப்படிப்பட்ட நாட்களில் பெரிய பயணிகள் கப்பல்களையே துறைமுகத்தில் நிறுத்திவிடுவதுண்டு.

மிக்கோனோஸ், டினோஸ், பாரோஸ், நக்ஸோஸ் தீவுகள் இந்தக் காற்றின் நேர்வழியில் இருக்கின்றன. குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் ஜூலை ஆகஸ்டில், இந்தப் பக்கம் வேண்டாம். அந்தத் தீவுகளைப் பார்த்தே ஆகவேண்டுமா? பெரிய கப்பலில் போய்ப் பாருங்கள்.

அப்படியானால் எங்கே போவது?

இரண்டு இடங்கள் நமக்கு ஏற்றவை.

ஒன்று, ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடா. சுற்றிலும் நிலமும் தீவுகளும் அரண் மாதிரி இருப்பதால், காற்று வந்தாலும் அலை அவ்வளவாக எழும்பாது. ஊருக்கு ஊர் தூரமும் குறைவு.

இன்னொன்று, மேற்குப் பக்கத்து அயோனியன் கடல். கோர்ஃபு, லெஃப்காடா, இதாக்கா, கெஃபலோனியா தீவுகள் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் காலையில் கடல் சாதுவாக இருக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மிதமான காற்று வரும். சாயங்காலம் ஓய்ந்துவிடும்.

மாதம்? ஜூன் அல்லது செப்டம்பர் உத்தமம். செப்டம்பரில் வெயில் தணிந்திருக்கும், கடல் தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ‘எங்க ஸ்கூல் லீவு மே மாசம்தானே?’ என்பவர்கள் மே கடைசியில் போகலாம். வெயில் இதமாக இருக்கும், கூட்டமும் குறைவு. தண்ணீர் மட்டும் கொஞ்சம் குளிரும்.

படகு ஓட்டுவது யார்?

கிரீஸில் படகை நாமே ஓட்ட வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட லைசென்ஸ் உள்ள ஒருவரும், அவருக்குத் துணையாக அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும். இல்லையென்றால் வாடகைக்கே கேப்டன் கிடைப்பார். அவருக்கு ஒரு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் நம் பொறுப்பு. இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள். ‘இன்னிக்குக் கிளம்ப வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அதுவே கடைசி வார்த்தை.

மூட்டு வலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிரேக்கத் துறைமுகங்களில் பெரும்பாலும் படகின் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி நிறுத்துவார்கள். நடுவில் ஒரு குறுகலான பலகை மட்டும்தான். படகுக்குள் அறைக்கு இறங்கும் படியும் செங்குத்து. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் படகு வசதி. அதிகம் சாயாது, ஆனால் வாடகை கூடுதல்.

அண்மையில் மாரடைப்போ பெரிய ஆபரேஷனோ ஆனவர்கள், கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுவதே நல்லது.

ஒரு வாரத் திட்டம்

பாய்மரப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டாம் என்பதே குடும்பக் கணக்கு. சரோனிக் வளைகுடாவில் அதை இப்படிப் பிரிக்கலாம்:

சனி: ஏதென்ஸின் ஆலிமோஸ் துறையில் சாயங்காலம் படகு கைக்கு வரும். அன்றிரவு கிளம்பாதீர்கள். நின்ற படகிலேயே தூங்கிப் பழகுங்கள்.

ஞாயிறு: ஏஜினா தீவு. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இங்கே பிஸ்தா பருப்பு பிரசித்தம்.

திங்கள்: எபிடாரஸ் கரை.

செவ்வாய்: படகுக்கு லீவு! டாக்ஸி பிடித்து, பழைய எபிடாரஸைப் பாருங்கள். மருத்துவக் கடவுள் அஸ்கிலிபியஸின் கோயில் இருந்த இடம். நோயாளிகள் அங்கே வந்து ஒரு மண்டபத்தில் படுத்துத் தூங்குவார்களாம், கனவில் கடவுள் வந்து குணமாக்குவார் என்று. மருத்துவத்தின் சின்னமாகப் பாம்பு சுற்றிய கோலைப் பார்க்கிறோமே, அது இவர் கையில் இருந்ததுதான். பக்கத்தில் இருக்கும் கல் அரங்கம் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

புதன்: மெத்தானா தீபகற்பத்தைச் சுற்றி போரோஸ் தீவு. மெத்தானா ஓர் எரிமலைப் பகுதி. கந்தக வெந்நீர் ஊற்றுகள் உண்டு.

வியாழன்: படகைப் போரோஸிலேயே விட்டுவிட்டு, பயணிகள் கப்பலில் ஹைட்ரா போய்வாருங்கள். காரே ஓடாத தீவு. சுமை தூக்குவதெல்லாம் கழுதையும் கோவேறு கழுதையும்தான்.

வெள்ளி: ஆலிமோஸ் திரும்புதல். இதுதான் நீண்ட நாள், சுமார் ஆறு மணி நேரம். வடக்கே திரும்புவதால் காற்று எதிரில் வரும். காற்று எழும்பும் முன்பே, விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காற்று பலமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் ஹைட்ராவைத் தியாகம் செய்துவிட்டு வியாழனே திரும்பிவிடுங்கள். வீடு திரும்பும் விமானத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தால் மனசுக்கு நிம்மதி. ‘ஃப்ளைட்டைப் பிடிக்கணுமே’ என்ற அவசரத்தில்தான் போகக்கூடாத கடலில் படகை விடுகிறோம்.

குமட்டல் வந்தால்?

குமட்டலுக்கு ஆங்கில மருத்துவம் வைத்திருக்கும் ‘நாஸியா’ என்ற பெயரே, கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அவ்வளவு பழைய தொல்லை இது!

காது உள்ளே இருக்கும் சமநிலைக் கருவி ‘ஆடுகிறோம்’ என்று மூளைக்குச் சொல்கிறது. அறைக்குள் உட்கார்ந்திருக்கும் கண்ணோ ‘எதுவும் ஆடவில்லையே’ என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட, மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. ஆகவே முதல் வைத்தியம், அறையைவிட்டு மேல்தளத்துக்கு வருவது. படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். புத்தகமும் செல்போனும் வேண்டாம். சமையலறைப் பக்கம் போகவே போகாதீர்கள். முடியாவிட்டால் கண்ணை மூடி மல்லாந்து படுங்கள்.

வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பாடும் கூடாது. ரஸ்க், ரொட்டி, வாழைப்பழம் போதும். இஞ்சி சிலருக்குக் கேட்கும்.

டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகள் உண்டு. குமட்டல் வந்த பிறகு விழுங்கினால் பலன் குறைவு. கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரவழைக்கும் என்பதால், ஊரில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கண்ணில் நீர் அழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ உள்ளவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் தரவே கூடாது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்.

சர்க்கரைக்காரர்கள் உஷார்! மருந்தைப் போட்டுவிட்டு, சாப்பிட்டதை வாந்தி எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். குளுக்கோஸ் கையோடு இருக்கட்டும். அப்படிப்பட்ட நாளில் மருந்தை எப்படிச் சரிசெய்வது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘நமக்கு வெயில் புதுசா?’

இப்படி நினைப்பதில்தான் ஆபத்து. சென்னை வெயிலில் வியர்வை சொட்டும், தண்ணீர் குடிக்கத் தோன்றும். ஏஜியன் காற்று வறண்டது. வியர்ப்பது தெரியாமலே காய்ந்துவிடும். குளுகுளுவென்று இருப்பதாகத் தோன்றும். உடம்பில் நீர் வற்றிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்குக் கடல் நீரும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் அனல் தாங்காமல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸையே நடுப்பகலில் மூடி வைத்தார்கள். 2024 ஜூனில் சிமி தீவில் நடைப்பயணம் போன பிரிட்டிஷ் டெலிவிஷன் டாக்டர் மைக்கேல் மோஸ்லி இறந்துபோனார். வெப்பத் தாக்கு காரணமாக இருந்திருக்கலாம் என்றது விசாரணை. உலகத்துக்கே ஆரோக்கியம் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

எனவே, பகல் 11 முதல் 4 மணி வரை தீவில் மலையேறும் வேலை வேண்டாம். தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, சன் ஸ்கிரீன் எல்லாம் நமக்கும் தேவைதான். பெரியவர்களுக்குத் தலைக்கு மூன்று லிட்டர் குடிநீர் கணக்கு வையுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவு. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பேச்சு குழறி, புத்தி தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே உதவிக்கு அழையுங்கள்.

சைவர்களுக்குப் பட்டினியில்லை

வேகவைத்த கீரை ‘ஹோர்ட்டா’, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய மொச்சை ‘யீகாண்டெஸ்’, நம்ம பருப்பு மசியல் மாதிரியே இருக்கும் ‘ஃபாவா’, கெட்டித் தயிர் என்று நமக்கு ஒத்துப்போகிற அயிட்டங்கள் நிறைய. ‘நிஸ்டீசிமோ’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிரேக்கக் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு அது. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் விரதத்தில் இறாலும் கணவாயும் உண்டு. ஆகவே கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மறக்கக்கூடாதவை

* ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். பாய்மரப் பயணத்துக்கும் அது செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவில் இருக்கும் மகனின் ஹெல்த் கார்டு உங்களுக்குச் செல்லாது.

* குழந்தைகள் அளவு லைஃப் ஜாக்கெட்டை, எடையைச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மேல்தளத்தில் குழந்தை இருக்கும் நேரமெல்லாம் அது உடம்பில் இருக்க வேண்டும்.

* என்ஜின் நின்ற பிறகே யாரும் தண்ணீரில் இறங்க வேண்டும். பாறைகளில் முள்பந்து போல ஒட்டியிருக்கும் கடல் உயிரி காலைக் குத்தும். ரப்பர் செருப்புப் போட்டு இறங்குங்கள்.

* படகின் டாய்லெட் குழாய் மெல்லியது. காகிதத்தை உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும். குடும்பமே அவதிப்படும்!

* வழக்கமான மருந்துகளை இரட்டைப் பங்காக, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். சின்னத் தீவுகளில் பெரிய ஆஸ்பத்திரி இருக்காது. பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடை இருக்கும்.

* அவசர எண்கள்: பொது 112, ஆம்புலன்ஸ் 166, கடலோரக் காவல் 108. நம்ம ஊரில் 108 என்றால் ஆம்புலன்ஸ், அங்கே கடல் போலீஸ். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏழு நாளில் இரண்டு நாள் படகை நிறுத்தி வைக்க மனசு வந்தால் போதும். மீதி ஐந்து நாளும் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள்.