டிக்கெட் மூடியாச்சு, பணம் வரலை: கஸ்டமர் கேருக்குள் என்ன நடக்கிறது?

இந்த எபிசோடை நான் கொஞ்சம் கோபத்தோடதான் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்குங்க.

நான் இருப்பது பெரம்பலூர். அப்பா இருப்பது அரியலூர் மாவட்டத்தில், செந்துறைப் பக்கம் ஒரு கிராமம். பொங்கல் முடிந்து மக்காச்சோளக் கதிர் ஒடிக்கிற நேரம். ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று அரியலூர் டவுனுக்குப் போய் ஒரு ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுத்திருக்கிறார். எடுத்திருக்கிறார் என்று பேங்க் சொல்கிறது. மெஷின் கடகடன்னு சத்தம் போட்டதே தவிர, பணம் வெளியே வரவில்லை. போனுக்கு மட்டும் 10,000 கழிந்ததாக மெசேஜ் வந்துவிட்டது. பணத்தைத் திரும்பத் துப்பிடும் என்று நம்பி ஒரு மணி நேரம் அந்த வாசலிலேயே நின்றிருக்கிறார். அன்றைக்குக் கூலி, கைமாற்று வாங்கித்தான் கொடுத்தார்.

அப்புறம் கஸ்டமர் கேர். பதினேழு நாளில் ஆறு தடவை கூப்பிட்டோம். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்ற குரலை ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் கேட்டோம். ஆள் கிடைத்தால், "சார், எங்க ரெக்கார்டுல டிரான்ஸாக்‌ஷன் சக்ஸஸ்ஃபுல்னு காட்டுது, 24 மணி நேரம் வெயிட் பண்ணுங்க." நாலாவது தடவை கூப்பிடும்போது பழைய டிக்கெட் மூடப்பட்டிருந்தது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வேறு.

எனக்கு முதலில் கோபம் வந்தது போனை எடுக்கிற அந்தப் பிள்ளைகள் மேல்தான். என் சித்தி பொண்ணு சென்னையில், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கால் சென்டரில் மூணு வருஷம் இருந்தவள். வேற கம்பெனிக்கான வேலைதான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சட்டம் என்கிறாள். அவளிடம் புலம்பினேன். சிரித்தாள். "அக்கா, எங்க ஸ்கிரீன்ல தெரியறது அவ்வளவுதான். சக்ஸஸ்னு இருந்தா சக்ஸஸ்னுதான் நாங்க சொல்ல முடியும்."

இதைக் கொஞ்சம் விளக்கிடறேன். ஏ.டி.எம்.மில் கேட்ட தொகைக்குப் பேங்க் சர்வர் சரி சொன்ன உடனே கணக்கில் பணம் கழிந்துவிடும். நோட்டை வெளியே தள்ளுவது அதற்கு அடுத்த வேலை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சிக்கினால், கணக்கில் குறையும், கையில் வராது. உண்மையில் என்ன நடந்தது என்பது அந்த மெஷினின் பதிவிலும், பிறகு பெட்டியில் இருக்கிற ரொக்கத்தை எண்ணிப் பார்க்கும்போது வருகிற உபரியிலும்தான் தெரியும். போனை எடுப்பவருக்கு இந்த இரண்டுமே தெரியாது. அவரால் செய்ய முடிந்தது ஒரு டிக்கெட் போட்டு உள்ளே இருக்கிற வேறொரு பிரிவுக்கு அனுப்புவது. அந்தப் பிரிவுக்கு போன் பண்ணிக் கேட்கக்கூட அவருக்கு வழி கிடையாது. பல இடங்களில் அவர் அந்த பேங்க்கின் ஊழியரே இல்லை. ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் ஆள்.

அந்த ஒப்பந்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கால் சராசரியாக எத்தனை நிமிஷத்தில் முடிகிறது என்று கணக்கு வைப்பார்கள். ஏ.எச்.டி. என்பார்கள் அதை. சித்தி பொண்ணுக்கு ஒரு காலுக்கு நாலு நிமிஷம். தாண்டினால் டீம் லீடர் பின்னால் வந்து நிற்பார். எங்க அப்பா மாதிரி ஆள், மெஷின் வாசலில் செருப்பை விட்டது வரைக்கும் சொல்லாமல் விஷயத்துக்கு வரமாட்டார். நாலு நிமிஷம் அதிலேயே போய்விடும். போனை எடுக்கிற வேகத்தை எண்ணுகிறார்கள், டிக்கெட் மூடுகிற வேகத்தை எண்ணுகிறார்கள். மொபைல் கம்பெனிகளுக்கு டிராய் வைத்திருக்கிற ஒரு அளவுகோலும் இப்படித்தான்: 95 சதவீத அழைப்புகளில் 90 விநாடிக்குள் ஆள் பேச வேண்டும். ஆள் பேசிய பிறகு காரியம் நடந்ததா என்பதைக் கடிகாரம் வைத்து அளக்க முடியாது, இல்லையா?

சரி, ஏன் வெளியாளிடம் கொடுக்கிறார்கள்? செலவுதான். இந்தத் தொழில் நம் நாட்டில் வளர்ந்ததே அப்படித்தான். 1997இல் ஜி.இ. கேப்பிட்டல் குர்கானில் தொடங்கிய மையம்தான் பின்னால் ஜென்பேக்ட் ஆனது. அமெரிக்காக்காரர்களின் போனை இரவெல்லாம் நம் பிள்ளைகள் எடுத்தார்கள், சாம் என்றும் நான்சி என்றும் பெயர் மாற்றிக்கொண்டு. அவர்களும் புலம்பினார்கள்: பேச்சு புரியவில்லை, எழுதிக்கொடுத்ததையே படிக்கிறார்கள் என்று. 2003 நவம்பரில் டெல் கம்பெனி, தன் கம்பெனி வாடிக்கையாளர்கள் சிலருக்கான உதவி அழைப்புகளைப் பெங்களூரில் இருந்து அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. அன்றைக்கு அவர்கள் சொன்ன அதே வார்த்தையை இன்றைக்கு நாம் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிற சம்பவம் 2021 அக்டோபர் சொமேட்டோ விவகாரம். ஆர்டரில் ஒரு அயிட்டம் வரவில்லை என்று ஒருவர் கேட்டார். சாட்டில் இருந்த ஊழியர் இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் சொல்ல, பெரிய சண்டை ஆனது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது, கோயம்புத்தூரில் தமிழ் சப்போர்ட் சென்டர் அமைத்துவருவதாகச் சொன்னது. அந்த ஊழியரை வேலையை விட்டு எடுத்து, அன்றைக்கே திரும்பச் சேர்த்தார்கள். எல்லோரும் தேசிய மொழி விஷயத்தைத்தான் பேசினோம். ஆனால் அந்த சாட்டில் இன்னொன்று இருந்தது. ஹோட்டலுக்குப் பல தடவை போன் பண்ணியும் மொழி புரியவில்லை என்று அந்த ஊழியரே சொல்லியிருந்தார். அதாவது, வாடிக்கையாளருக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் உட்காரவைத்த ஆளுக்கு, சமையல்கட்டிடம் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. அப்பா விஷயத்தில் எதிர்முனையில் தமிழ்தான் பேசினார்கள். அங்கேயும் நிலைமை அதேதான்.

இப்போது, இந்த எபிசோடை ஏன் பண்ணுகிறேன் என்பதற்கு வருகிறேன். பதினெட்டாம் நாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையனிடம் கஸ்டமர் கேர் நம்பரை நெட்டில் தேடித் தரச் சொல்லியிருக்கிறார். வந்தது ஒரு மொபைல் நம்பர். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். 'தமிழுக்கு அஞ்சை அழுத்தவும்' கிடையாது, பாட்டு கிடையாது. "ஐயா, கவலையே படாதீங்க, இன்னைக்கே ரீஃபண்ட் போட்டுடலாம்." அப்பா முழுக் கதையும் சொன்னார், அவன் பொறுமையாகக் கேட்டான். அப்புறம் ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். போன் திரையை அவன் அங்கிருந்தே பார்க்கிற ஆப். ஏ.டி.எம். பின் நம்பரைக் கேட்டபோதுதான் பையனுக்குச் சந்தேகம் வந்து, போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

கணக்கில் அப்போது இன்னும் 43,000 இருந்தது. பதினெட்டு நாளில் அப்பாவின் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே கஸ்டமர் கேர் அந்தத் திருடன்தான். இதை நான் எத்தனை தடவை நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நம்பரைத் தேடு பொறியில் தேடாதீங்க. கார்டுக்குப் பின்னாலும் பாஸ்புக்கிலும் இருக்கிறது. பணம் போயே விட்டால் உடனே 1930.

மறுநாள் நான் அரியலூர் போனேன், முப்பது கிலோமீட்டர்தானே. போனுக்குப் பதில் பேப்பர். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், அந்த நாளில் இருந்து ஐந்து நாளுக்குள் பேங்க் திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இதை நாம் கேட்காமலேயே அவர்களாகக் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆறு காலில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. சித்தி பொண்ணைக் கேட்டால், "அது எங்க ஸ்கிரிப்ட்ல வராதுக்கா" என்கிறாள்.

கடிதத்தில் தேதி, நேரம், எந்த ஏ.டி.எம்., ஆறு டிக்கெட் நம்பர், அந்தச் சுற்றறிக்கையின் தேதி, அவ்வளவுதான் எழுதினோம். ஒரு பக்கம். கார்டு கொடுத்த பேங்க்கின் கிளையில்தான் கொடுக்க வேண்டும், மெஷின் எந்த பேங்க்குடையதாக இருந்தாலும் சரி. நகலில் சீல் போட்டு வாங்கிக்குங்க. கவுன்டரில் "கஸ்டமர் கேருக்குப் பேசுங்க" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள், நகராதீங்க. முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448.

பேங்க் இல்லாமல் பிரிட்ஜ், மிக்ஸி, ஆன்லைன் பார்சல் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருஷத்துச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி குர்கானில் இருந்தாலும் பதில் சொல்ல அரியலூருக்கோ பெரம்பலூருக்கோதான் வர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

கடிதம் கொடுத்த பன்னிரண்டாம் நாள் 10,000 வந்தது. 26 நாள் தாமதத்துக்கு 2,600 வர வேண்டும், வரவில்லை. இரண்டாவது கடிதம், இன்னும் ஒன்பது நாள். அதுவும் வந்தது.

அடுத்த நாள் அதே கஸ்டமர் கேரில் இருந்து அப்பாவுக்கு போன். எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் தருவீங்க என்று ஒரு பொண்ணு கேட்டிருக்கிறாள். சாயங்காலம் அப்பா என்னிடம் சொன்னார்: "அந்தப் புள்ள குரலு பாவமா இருந்துச்சு பாப்பா. அஞ்சுன்னு சொல்லிட்டேன்."

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.