ஐ7 இருக்கிறது, வேறென்ன இல்லை?

ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் ரூபாய்க்குள் விண்டோஸ் லேப்டாப் தேடுபவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்றுதான். இந்த விலையில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: தயாரிப்பாளர் எதைக் குறைத்து இந்த விலைக்குள் அடக்கினார்? நடுத்தர விலைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் பிராசஸருக்குக் கூடுதலாகப் போன பணம், விளம்பரத்தில் வராத திரையிலோ ரேமிலோ பேட்டரியிலோ மிச்சம் பிடிக்கப்பட்டிருக்கும். வாங்கத் தகுந்ததா என்பதை அந்த இடங்களில்தான் பார்க்க வேண்டும்.

பிராசஸரின் பெயரை நம்பி முடிவெடுக்க முடியாது. ஏஎம்டியின் ரைசன் 5 7520யு, 7530யு இரண்டும் பெயரளவில் அண்ணன் தம்பி. ஆனால் முன்னதில் இருப்பது 2019-ல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு, நான்கே கோர்கள். பின்னதில் ஸென் 3, ஆறு கோர்கள். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். இன்டெல்லிலும் இதே சிக்கல்தான். ஐ7-1355யு 15 வாட் அடிப்படை மின்திறனுக்காக வடிவமைக்கப்பட்டது, பெரிய கோர்கள் இரண்டு. ஐ5-13420எச் 45 வாட்டுக்கானது, பெரிய கோர்கள் நான்கு. சட்டென்று முடியும் வேலையில் ஐ7 முந்தலாம். அரைமணி நேரம் வீடியோவை மாற்றித்தரும் வேலையில், வெப்பத்தை வெளியேற்றும் வசதி சரியாக இருந்தால், ஐ5 அதைத் தாண்டிவிடும்.

ரேம் விஷயத்தில் எத்தனை ஜிபி என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. டிடிஆர்4-3200 ரேம் ஒரே குச்சியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவுதான் போய்வர முடியும். இரண்டு குச்சிகளாக இருந்தால் 51.2 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரையில் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான் என்பதால், விளையாட்டிலும் வீடியோ எடிட்டிங்கிலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மேலே சொன்ன அதே ஐ7-1355யு-வில் ஒற்றைக் குச்சி போட்டால், அதன் கிராஃபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரையே இழந்து வெறும் யுஎச்டி என்று காட்டும். கடையில் வைத்திருக்கும் மாதிரியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம்.

"பிராசஸரைப் பிறகு மாற்ற முடியாது, ரேமைச் சேர்த்துக்கொள்ளலாமே" என்பது நியாயமான மறுப்பு. காலி ஸ்லாட் இருந்தால் அது சரி. பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அங்கே 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது அது இயங்குவதற்கான அளவு; பிரவுசரில் இருபது டேப்களோடு ஒரு வீடியோ கூட்டத்திலும் இருப்பவருக்கு 16 ஜிபி வேண்டும்.

திரையைப் பிறகு மாற்றிக்கொள்வது நடைமுறையில் யாரும் செய்யாத காரியம். ஆனால் இந்த விலையில் அதிகம் கைவைக்கப்படுவது அதில்தான். 'ஃபுல் எச்டி' என்ற சொல் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. விவரப் பட்டியலில் '45 சதவீத என்டிஎஸ்சி, 250 நிட்' என்றிருந்தால், இணையப் படங்களுக்கு அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் திரையில் வராது. ரத்தச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். திரையின் வெளிச்சம் 250 நிட்தான் என்பதால், ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்தே மங்கும். "எனக்கு வேர்டும் எக்செலும்தான், நிறம் எதற்கு?" என்பவர்களுக்குத்தான் இது இன்னும் பொருந்தும். அவர்களுடைய வேலைக்கு ஐ3 பிராசஸரே தாராளம். தினமும் எட்டு மணி நேரம் கண் பார்க்கப்போவது திரையை. 300 நிட்டும் முழு எஸ்ஆர்ஜிபியும் தரும் திரைக்காக ஐ7-ஐ விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு லாபமான பேரம்.

பேட்டரியை எடைபோட ஒரு வகுத்தல் போதும். 42 வாட்-மணி பேட்டரி, சாதாரண வேலையில் 8 வாட் இழுக்கும் லேப்டாப்புக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக வரும்; இரண்டு மூன்று ஆண்டுகளில் கொள்ளளவு குறையக் குறைய அது நான்குக்கு இறங்கலாம். பிளக் பாயிண்ட் கிடைக்காத வகுப்பறையில் நாள் முழுக்க இருக்கப்போகும் மாணவருக்கு வாங்குகிறீர்கள் என்றால், 60 வாட்-மணிக்குக் குறைந்த எதையும் பிராசஸரின் பெயருக்காக எடுக்காதீர்கள்.