காது ஜவ்வு கிழிந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள்

கன்னத்தில் ஓங்கி விழும் ஓர் அறை போதும், காது ஜவ்வு கிழிந்துவிடும். உள்ளங்கை காதை மூடி விழும்போது துவாரத்துக் காற்று வெளியேற வழியில்லாமல் உள்நோக்கி அழுத்துகிறது. சுமார் 0.1 மி.மீ. தடிமனுள்ள ஜவ்வு அதைத் தாங்குவதில்லை. சுளீரென்று வலி, காதுக்குள் இரைச்சல், காது மந்தம், சில நேரம் ஓரிரு துளி இரத்தம். அடிப்பவர் பெரும்பாலும் வலக்கைக்காரர் என்பதால், அதிகம் கிழிவது இடது காது.

மறைக்க வேண்டாம்

வீட்டில் அடி வாங்கிய பெண்கள் ‘வழுக்கி விழுந்துட்டனுங்க’ என்று மருத்துவரிடம் சொல்வதுண்டு. உண்மையைச் சொல்லுங்கள். ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனாலே சட்டப்படி அது கொடுங்காயம். மருத்துவர் எழுதும் காயக் குறிப்பு நாளைக்கு உங்களுக்குச் சான்றாகும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 உதவி எண்கள் இருக்கின்றன. பள்ளியில் குழந்தையை அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

கிணறு, பட்டறை, கோழி இறகு

கோடை விடுமுறையில் தோட்டத்துக் கிணற்றில் குதிக்கும் பிள்ளைகள் பக்கவாட்டில் விழுந்தால், தண்ணீர் காதில் அறைந்ததுபோல் மோதும். கிழிசல் வழியே அழுக்குத் தண்ணீரும் நடுக்காதுக்குள் போய்விடும். தீபாவளி வெடி காதருகே வெடித்தாலும் ஜவ்வு கிழியலாம். குடைவதற்கு எடுக்கும் ஊக்கு, கோழி இறகு, பைக் சாவி, பட்ஸ் எல்லாமே ஆபத்துதான். குரும்பி தானாகவே வெளியே வரும்.

கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைத் தொழிலாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெல்டிங் பொறி காதுக்குள் விழுந்தால் கிழிசலின் ஓரத்து இரத்தக் குழாய்களும் கருகிவிடும். அந்த ஓட்டை எளிதில் மூடாது. தலைக்கு மேலே வெல்டிங் வைக்கும்போது காதடைப்பான் கட்டாயம்.

சும்மா விட்டால் மூடும்

அடிபட்டுக் கிழிந்த ஜவ்வுகளில் பத்தில் எட்டு, அறுவை சிகிச்சை இல்லாமலே மூடிக்கொள்கின்றன. சிறிய கிழிசலுக்குச் சில வாரங்கள், பெரியதற்கு இரண்டு மூன்று மாதங்கள். வெளித்தோல் முதலில் ஓரங்களிலிருந்து வளர்ந்து பாலம் போடுகிறது. நடுவிலுள்ள நார் அடுக்கு சரியாகத் திரும்பாமல் போகலாம். அப்போது ஆறிய இடம் மெலிந்தே இருக்கும்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். வலிக்கிறதே என்று பூண்டு தட்டிப்போட்ட எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறோம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதிலும் இரண்டு சொட்டு விடுகிறோம். ஈரமும் எண்ணெயும் கிருமியை நடுக்காதுக்குக் கொண்டுபோய்ச் சீழ் பிடிக்க வைக்கும். மருத்துவர் சொல்லாமல் சொட்டு மருந்தும் வேண்டாம். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காது வாயில் வையுங்கள். மூக்கை அழுத்திச் சிந்தாதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவை

தலைசுற்றல், முகம் ஒருபக்கம் கோணுதல், தலையில் அடிபட்டபின் காதில் தெளிந்த நீர் வடிதல், சுத்தமாகக் கேட்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவர்களும் ஓரிரு நாளில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும் திறன் சோதனை செய்துகொள்வது நல்லது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குத் தனிப்பிரிவு இருக்கிறது.

மூன்று மாதமாகியும் மூடாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம். காதுக்கு மேலுள்ள தசையைப் போர்த்திய மெல்லிய உறையில் ஒரு துண்டை எடுத்து ஓட்டையின்மேல் ஒட்டுவார்கள். ஒட்டியது பிடித்துவிட்டதென்று மருத்துவர் சொல்லும்வரை கிணற்றுப் பக்கம் போகக் கூடாது.