கடக்வாஸ்லாவில் குளிர்கால மூலிகைத் தோட்டம்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் தமிழ்க் குடும்பத்தார் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்களுள், ஈரத்துணியில் சுற்றிய கற்பூரவள்ளிக் கிளை ஒன்றும் இடம்பெறுவதுண்டு. பெட்டி படுக்கைகளோடு அதுவும் இரயிலேறி வந்து, புதிய ஊரில் ஒரு பழைய வாளியிலோ தகர டப்பாவிலோ வேர் விடுகிறது. குழந்தைக்குச் சளி பிடித்தால் இரண்டு இலை, தொண்டை கட்டினால் ஒரு கைப்பிடி துளசி. இவை வீட்டோடு இருத்தல் வேண்டும் என்பது நம் தாய்மார்கள் வழிவழியாகப் போற்றி வரும் கொள்கை. ஆயினும் அந்தக் கிளை முதற் குளிர்காலத்திலேயே அழுகிப் போவதையும், 'இந்த ஊர் மண் ராசியில்லை' என்று கூறி முயற்சியைக் கைவிடுவதையும் பல வீடுகளில் காண்கிறோம். குறை மண்ணில் இல்லை. செடியைக் கொண்டு வந்த நாம், நம் ஊர்ப் பருவத்தையும் நம் ஊர்ப் பெயர்களையும் மனத்தில் சுமந்து வந்துவிட்டோம். அவை இரண்டும் இங்கே செல்லுபடியாவதில்லை. அதுவே குறை.

புனே நகருக்குத் தென்மேற்கே, முட்டா ஆற்றின் நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்துள்ளது கடக்வாஸ்லா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அதன் அணை 1961-ஆம் ஆண்டு ஜூலை வெள்ளத்தில் உடைந்து, பின்னர் மீண்டும் கட்டப்பெற்றது. 1916-இல் தோன்றிய மத்திய நீர், மின்சார ஆராய்ச்சி நிலையமும், 1955 ஜனவரியில் முறைப்படி திறந்து வைக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்பு அகாதமியும் இங்கே உள்ளன. பணியின் நிமித்தம் வந்து தங்கிய தமிழர்களுக்கு ஒரு சிறு முற்றமோ, நான்கு தொட்டி வைக்கத்தக்க மாடமோ கிடைப்பதரிது அன்று. மூலிகை வளர்க்க அவ்வளவு இடமே போதும்.

முதலில் பருவத்தைக் கவனிப்போம். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலம். சென்னை ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்வது. தூதுவளை வேலியில் தானே படர்வதும், கரிசலாங்கண்ணி வரப்போரத்தில் தானே முளைப்பதும் அந்த ஈரத்தினாலேயே. புனேயிலோ மழைக்காலம் ஜூனில் தொடங்கிச் செப்டம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கார்த்திகையில் வானம் வெளுத்திருக்கும். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் அமைந்த நிலமாதலின், மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பம் சராசரியாகப் 11 அல்லது 12 பாகைக்கு இறங்கும். நடுப்பகலில் 30 பாகையை எட்டும். குளிரும் வறட்சியும் ஒருங்கே வரும் பருவம் இது. ஆகவே, ஊரில் மழை செய்த வேலையை இங்கே நாம் செய்தல் வேண்டும். அதுவும் அளவறிந்து செய்தல் வேண்டும்.

தொட்டியை எங்கே வைப்பது? டிசம்பர் மாதத்தில் கதிரவன் தென்திசை சாய்ந்து செல்கிறான். கடக்வாஸ்லாவில் அம்மாத நடுப்பகலிலும் அவன் தொடுவானத்திலிருந்து 48 பாகை உயரத்தையே அடைகிறான். எட்டடி உயரமுள்ள சுவர் அப்போது வடபுறத்தில் ஏழடிக்கு நிழல் வீழ்த்தும். கோடையில் வெயில் காய்ந்த வடக்கு முற்றம் குளிர்காலத்தில் நாள் முழுதும் இருண்டு கிடப்பதன் காரணம் இதுவே. தொட்டிகளைத் தெற்கு நோக்கிய இடத்திற்கு மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். தக்காணத்தின் எரிமலைப் பாறை சிதைந்து உண்டான கரிய மண் இப்பகுதியில் மிகுதி. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை அறிந்தவர்க்கு இது புதிதன்று: நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும், நீரை எளிதில் விடாது. இதனைத் தனியே தொட்டியில் இடலாகாது. மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு எனக் கலந்து இடுவது நலம். விரலை ஓர் அங்குலம் மண்ணுள் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றுக. வெயில் ஏறிய பின்னர்க் காலையில் ஊற்றுதல் வேண்டும். மாலையில் ஊற்றிய நீர் இரவுக் குளிரில் வேரைச் சூழ்ந்து நிற்கும். சதைப்பற்றுள்ள இலையில் தனக்கென நீர் சேர்த்து வைத்திருக்கும் கற்பூரவள்ளி, வறட்சியால் இறப்பதைவிட, அன்பு மிகுந்து நாம் ஊற்றும் நீரால் இறப்பதே அதிகம்.

இனி, எவற்றைப் பயிரிடலாம்? கொத்தமல்லி, வெந்தயம், ஓமம், சதகுப்பை ஆகியவை குளிரை விரும்புபவை. தீபாவளியை ஒட்டி விதைத்தால் வெந்தயக்கீரை ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வரும். தனியாவை உருட்டி இரண்டாக உடைத்து விதைத்தல் வேண்டும். நம் நாட்டு மருந்துக் கடைகளில் விதையாக மட்டும் நாம் கண்ட சதகுப்பை, இங்கே 'சேப்பூ' என்ற பெயருடன் காய்கறிச் சந்தையில் கீரைக்கட்டாகவே விற்கிறது. புதினாவின் தண்டை நட்டாலே போதும். துளசி குளிரில் இலை உதிர்க்கும். பூங்கதிர்களைக் கிள்ளிவிட்டால் இலை நிற்கும். சில கதிர்களை விதைக்கென முற்ற விடுக. வல்லாரைக்கு ஈரமும் அரை நிழலும் தேவையாதலின் குழாயடியே அதற்கேற்ற இடம். தூதுவளைக்குப் படரக் கொம்பு நடுதல் வேண்டும். ஆடாதோடையோ எதற்கும் அஞ்சாதது, வேலியாகவே வைக்கலாம்.

பருவத்தினும் பெரிய இடர் பெயரில் இருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானும் இதில் இடறியவனே. கடையொன்றில் ஆளிவிதை கேட்டேன். 'அளீவ்' என்று கூறிச் செந்நிறச் சிறு விதைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனர். வீட்டில் நீரில் இட்டபோதுதான் கடைக்காரர் மேல் பிழையில்லை என்பது விளங்கிற்று. மராத்தியில் 'அளீவ்' என்பது பிள்ளை பெற்ற தாய்மார்க்குக் குளிர்காலத்தில் லட்டு செய்து கொடுக்கும் வேறொரு விதை. நம் ஆளிவிதைக்கு அவர்கள் மொழியில் பெயர் 'ஜவஸ்'. ஒலி ஒன்று, பொருள் வேறு. அன்று கேடொன்றும் நேரவில்லை. எல்லா நாளும் அவ்வாறே அமையும் என்று கொள்ளலாகாது. 'பிராமி' என்ற ஒரே பெயரால் வல்லாரையும் விற்கும், நீர்ப்பிரமியும் விற்கும். நம் நிலவேம்பும், இமயமலைச் சாரலில் விளையும் மற்றொரு கசப்புச் செடியும் 'கிராயத்', 'சிராயத்' என்னும் நெருங்கிய பெயர்களால் வழங்குகின்றன.

ஆதலின் பெயரைக் கேட்டு வாங்காமல், செடியைக் கண்டு வாங்குக. இலையைக் கசக்கி முகர்க. அவ்வாறு நோக்கினால் இரு மொழிகளும் நெருங்கி வருவதையும் காணலாம். நாம் ஓமவல்லி என்றும் அழைக்கும் கற்பூரவள்ளி, மராத்தியில் 'பான் ஓவா'. 'பான்' என்பது இலை, 'ஓவா' என்பது ஓமம். ஓமத்தில் உள்ள தைமால், கார்வக்ரால் எனும் மணப்பொருள்கள் இவ்விலையிலும் இருப்பதனால், தமிழ் மூதாட்டியும் மராத்தி மூதாட்டியும் தனித்தனியே முகர்ந்து ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றனர். கரிசலாங்கண்ணி 'மாக்கா' ஆகும். ஆடாதோடை 'அடுள்சா' ஆகும். இங்குள்ளோர் தேநீரில் இடும் 'கவதீ சஹா' நம் எலுமிச்சைப்புல்லே.

இனி, விளைந்ததைப் பதப்படுத்தும் முறை. இவ்விடத்துக் குளிர்காலம் நமக்குச் செய்யும் பேருதவி இதில்தான் இருக்கிறது. ஊரில் கார்த்திகை மாதத்தில் இலையை உலர்த்தினால் பூசணம் பிடிக்கும். இங்கோ காற்றில் ஈரம் குறைவு. துளசி, தூதுவளை, புதினா ஆகியவற்றைக் கழுவி, நீர் வடிய உதறி, நிழலில் மெல்லிய துணிமேல் பரப்பி வைத்தால் சில நாள்களில் சருகாகும். வெயிலில் உலர்த்தினால் மணம் ஆவியாகிப் போம். விரலால் நொறுக்கும்போது ஒலி எழுந்தால் பதம் சரி. உடனே காற்றுப் புகாத சீசாவில் அடைத்து, பெயரையும் நாளையும் எழுதி ஒட்டுதல் வேண்டும். பெயர் எழுதாத பொடி மருந்தன்று, புதிர்.

கூந்தல் தைலத்திற்குக் கரிசலாங்கண்ணிச் சாறும் தேங்காய் எண்ணெயும் சம அளவு எடுத்து, சிறு தீயில் காய்ச்சுக. எழும் சலசலப்பு, சாற்றிலுள்ள நீர் வெளியேறும் ஓசை. அது அடங்கி, அடியிலுள்ள வண்டல் மணல்போல் ஆகும் பதத்தில் இறக்கி வடிகட்டுக. ஈரம் எஞ்சினால் தைலம் சிக்குப் பிடித்துக் கெடும். வாய் அகன்ற சீசாவில் ஊற்றி வைப்பது அறிவுடைமை. ஏனெனில் தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறைவது. கடக்வாஸ்லாவின் தை மாதக் காலையில் அது கல்லாக நிற்கும். அடுப்பில் ஏற்றாமல் வெந்நீரில் நிறுத்தி உருக்குக.

வறண்ட காற்றினால் உதடும் குதிகாலும் வெடிப்பதற்கு, ஒரு பங்கு தேன்மெழுகை நான்கு பங்கு எண்ணெயுடன் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்த கிண்ணத்தில் உருக்கிச் சிறு டப்பிகளில் ஊற்றினால் களிம்பாகும். அதில் உலர்ந்த வேப்பிலையை முன்னரே ஊறவைத்த எண்ணெயைப் பயன்படுத்தலாம், பச்சிலை கூடாது. காரணம் முன்சொன்ன ஈரமே.

இவற்றின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குக் கஷாயத்துடன் தேன் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு அவ்வயதில் உயிருக்கே ஆபத்தாகலாம். கைக்குழந்தையின் மார்பில் கற்பூரம் கலந்த எண்ணெய் தடவும் வழக்கம் நம்மிடையே உண்டு. கற்பூரம் உடலில் ஏறினால் வலிப்பு உண்டாகக்கூடுமாதலின் அதனை விடுதல் நலம். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து உருவாயிற்று. இலைக்குள் உண்மையான ஆற்றல் உண்டென்பதற்கு இது சான்று. அதே பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையதாதலின், கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் கஷாயம் அருந்தலாகாது. இரண்டு வாரம் கடந்தும் நிற்காத இருமலுக்குக் கற்பூரவள்ளி விடையன்று. அது காசநோய்ப் பரிசோதனைக்குரியது. ஒன்பது சரக்குகள் சேரும் நிலவேம்புக் குடிநீர் போன்ற கூட்டு மருந்துகளை முற்றத்துச் செடிகொண்டு செய்ய முயலாமல், சித்த மருத்துவரின் அறிவுரைப்படி வாங்குவதே முறை.

மாசி பிறந்ததும் காற்றில் வெப்பம் ஏறத் தொடங்கும். அப்போது கொத்தமல்லியையும் ஓமத்தையும் பூத்து விதை முற்ற விட்டு, அடுத்த தீபாவளிக்கென எடுத்து வைக்கலாம். கற்பூரவள்ளியின் நுனிக் கிளைகளை ஒடித்துப் புதிய தொட்டிகளில் நட்டுவிடலாம். அவற்றுள் ஒன்றை அண்டை வீட்டு மராத்தி அம்மையாருக்குக் கொடுத்து, அவர் வீட்டில் அதனை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்று கேட்டறிக. ஈரத்துணியில் சுற்றி வந்த கிளை இந்த ஊரிலும் வேரூன்றியதென்று அன்றே கொள்ளலாம்.